கிடேரிக்கு வந்த ஊசி

ஆடி மாசக் கடைசியில எங்க ஊருக்குக் கால்நடைத் துறை ஆளுங்க வந்தாங்க. முந்தின நாள் சாயங்காலமே கோயில் மைக்குல அறிவிச்சாச்சு. காலையில ஏழு மணிக்கெல்லாம் ஐஸ் பெட்டியோட ரெண்டு பேரு, கூட ஒரு டாக்டரம்மா. தெருத்தெருவா வந்தாங்க. தோட்டத்துச் சாளையில கட்டியிருந்த கன்னைக்கூட விடலை. நாலு மாசத்துல இருந்து எட்டு மாசத்துக்குள்ள இருக்கிற கிடேரிக் கன்னுக்கு மட்டும் ஒரு ஊசி. காதுல மஞ்சள் வில்லை மாட்டி, அதுல இருக்கிற 12 இலக்க நம்பரைப் போன்ல ஏத்திக்கிட்டாங்க. எங்க வீட்டு ஆறு மாசக் கிடேரிக்கும் ஆச்சு. ஒரு பைசா வாங்கலை.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு இது என்ன ஊசின்னு தெரிஞ்சிருக்காது. கன்று வீச்சு நோய்னு ஒண்ணு இருக்கு. நல்லா சினையா இருக்கிற மாடு, மாசம் நிறையறதுக்கு முன்னாடியே கன்னை வீசிடும். வீசின கன்னுல இருந்தும் நஞ்சுக்கொடியில இருந்தும் மத்த மாட்டுக்குத் தொத்தும். கறக்குற மனுஷனுக்கும் வரும், வந்தா விட்டு விட்டுக் காய்ச்சல் அடிச்சு ஆளை உருக்கிடும். வந்த பிறகு மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறது வீண் செலவு. அதனால கன்னா இருக்கிறப்பவே, பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, ஆயுசுக்கு ஒரே ஒரு ஊசி போட்டுடறது. 2019-ல இருந்து இதை நாடு முழுக்க ஒரு திட்டமாவே அரசாங்கம் நடத்துது. எனக்கு இதுல ஒரு குறையும் இல்லை. நல்ல திட்டம்.

நான் எழுத வந்தது மாட்டைப் பத்தி இல்லைங்க. என் தம்பி மகளைப் பத்தி. வயசு பதிமூணு. உள்ளூர் அரசுப் பள்ளியில எட்டாவது படிக்கிறா. அவளுக்கும் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு ஊசி இருக்கு. சின்ன வயசுல போடணும், போட்டா பின்னாடி கர்ப்பப்பை வாயில புத்து வராம காக்கும். அந்த ஊசியைப் போட எங்க ஊருக்கு இதுவரைக்கும் ஐஸ் பெட்டி வரலை. பொட்டப்புள்ளையை மாட்டோட சேர்த்துப் பேசுறானேன்னு யாரும் கோவிச்சுக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச உலகத்தை வச்சுத்தான் நான் ஒண்ணைப் புரிஞ்சுக்க முடியும்.

ஆஸ்பத்திரி பாஷையை விட்டுட்டு சொல்றேன். எச்பிவின்னு ஒரு வைரஸ் கிருமி. ஆண் பெண் சேர்க்கையில பரவுது. இது கெட்ட நடத்தைக்கு வர்ற சீக்கு இல்லை. கல்யாணம் ஆகி ஒழுங்கா குடும்பம் நடத்துற பெரும்பாலான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாழ்க்கையில எப்பவாவது வந்து போயிருக்கும். ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே அதைத் துரத்திடும். சிலருக்குப் போகாது. கர்ப்பப்பை வாயிலயே தங்கி, பதினஞ்சு இருபது வருஷம் மெல்ல மெல்ல அரிச்சு, நாப்பது அம்பது வயசுல புத்தா நிக்கும். இந்தக் கிருமியில பல வகை. 16, 18-ன்னு நம்பர் போட்ட ரெண்டு வகை மட்டுமே நூத்துக்கு எழுபது கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம். ஊசியில கிருமியே கிடையாது. அதோட மேல்தோல் மாதிரி ஒரு வெறும் கூடு இருக்கு, அவ்வளவுதான். அதைப் பார்த்து உடம்பு பழகி வச்சுக்கும். கிருமி உள்ளே வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லைங்கிறதாலதான் 9 வயசுல இருந்து 14 வயசுக்குள்ள போடச் சொல்றாங்க. விதை நேர்த்தி பண்றவனுக்கு இது சட்டுனு புரியும். வாடல் நோய் வந்த பிறகு மருந்து அடிச்சு யாரு செடியைக் காப்பாத்தினாங்க?

பலன் உண்டான்னு கேட்டா, ஸ்காட்லாந்துல 2008-ல ஆரம்பிச்சு பள்ளிக்கூடத்துல போட்டாங்க. 12, 13 வயசுல முழுசா போட்டுக்கிட்ட பெண்கள்ல ஒருத்தருக்குக்கூட இந்தப் புத்து வரலைன்னு 2024-ல கணக்கு சொல்லியிருக்காங்க. நம்ம நாட்டுல 2022-ல மட்டும் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதுசா வந்திருக்கு. ஏறத்தாழ 80,000 பேர் அந்த ஒரே வருஷத்துல செத்திருக்காங்க.

அந்த 80,000-ங்கிறது எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க தோட்டத்துக்குக் களையெடுக்க வந்துக்கிட்டிருந்த ஒரு அக்காவா தெரியும். பேரு வேண்டாம். அவங்க புள்ளைங்க இருக்காங்க. நாப்பத்தாறு வயசு. தூரம் நின்ன பிறகும் ரத்தம் பட்டுக்கிட்டே இருந்திருக்கு. ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லாம துணி வச்சுக்கிட்டே வெங்காயக் காட்டுல குனிஞ்சு களையெடுத்திருக்காங்க. இடுப்பு வலிக்குதுன்னு சொன்னப்ப, எல்லாருக்கும் வலிக்கிறதுதானேன்னு நினைச்சோம். டவுன்ல ஒரு தனியார் கிளினிக்குக்கு மூணு தடவை போயிருக்காங்க. மூணு தடவையும் பரிசோதிச்சே பார்க்காம மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க. கடைசியில மதுரைக்குப் போனப்ப மூணாவது நிலைன்னு சொல்லிட்டாங்க. கரண்டு வச்சாங்க. வைத்தியம் காப்பீட்டுல நடந்துச்சு. ஆனா பஸ்ஸுக்கும், கூட இருந்த மகளோட சாப்பாட்டுக்கும், போன கூலிக்கும் காப்பீடு கிடையாதே. கறவை மாடு போச்சு, தோடு அடகுக்குப் போச்சு, மகளோட பதினோராம் வகுப்பு போச்சு. ஒண்ணே கால் வருஷத்துல அந்த அக்காவும் போயிட்டாங்க.

இப்ப கோயம்புத்தூர்ல இருக்கிற என் சின்னம்மா பையனுக்கு வர்றேன். அவன் பொண்ணுக்கு இந்த ஊசி போட்டாச்சு. பூனாவுல இருக்கிற சீரம் கம்பெனி 2023-ல செர்வாவாக்னு நம்ம நாட்டு ஊசியே கொண்டுவந்துடுச்சு. அப்ப வெளியில வாங்கினா ஒரு ஊசி 2,000 ரூபா இருந்துச்சு. வெளிநாட்டு ஊசி அதைவிட அதிகம். அவன் ரெண்டு தவணைக்கு நாலாயிரம் கொடுத்து முடிச்சுட்டான். நல்ல காரியம். பொங்கலுக்கு வந்தப்ப என்கிட்ட சொன்னான், "அண்ணே, நம்ம ஊர்ல யாருக்கும் இதைப் பத்தி ஒரு விழிப்புணர்வே இல்லைண்ணே." எங்க ஊர்ல களையெடுக்கிற பொம்பளைங்களுக்கு ஒரு நாள் கூலி 350 ரூபா. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல 336. ஆறு நாள் கூலி ஒரு ஊசிக்கு. ரெண்டு பொண்ணு இருந்தா பன்னெண்டு நாள். இதுல விழிப்புணர்வு எங்கே வந்து உக்காரும்னு எனக்குத் தெரியலை.

இந்த "விழிப்புணர்வு இல்லை"ங்கிற பேச்சு எனக்குப் பிடிக்கிறதே இல்லைங்க. படிச்சவங்க கூட்டம் போட்டாலே இந்த வார்த்தையிலதான் முடிக்கிறாங்க. கன்று வீச்சு நோய் ஊசி பத்தி எங்க ஊர்ல எத்தனை பேருக்கு விழிப்புணர்வு இருந்துச்சு? பத்துப் பேருக்கு இருந்தா ஜாஸ்தி. ஆனா அநேகமா எல்லாக் கிடேரிக்கும் போட்டாச்சு. ஏன்னா ஊசி வீட்டு வாசலுக்கு வந்துச்சு. வந்தவங்க நிதானமா என்ன ஏதுன்னு சொன்னாங்க. காசு கேக்கலை.

மனுஷங்களுக்கும் இதேதான் நடந்திருக்கு, நம்ம நாட்டுலயே. சிக்கிம் மாநிலம். மலைக்காடு, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவுல பள்ளத்தாக்கு. அங்கே 2018 ஆகஸ்ட்ல 9-ல இருந்து 14 வயசு வரைக்கும் இருக்கிற பொண்ணுங்க சுமார் 25,000 பேருக்கு இந்த ஊசியை அரசாங்கமே இலவசமா போட ஆரம்பிச்சது. போட்ட இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம். அடுத்த வருஷம் ரெண்டாவது தவணை. ரெண்டுலயும் நூத்துக்கு 95 பேருக்கு மேல போட்டு முடிச்சிருக்காங்க. வாத்தியாருங்களுக்கு முன்னாடியே பாடம் எடுத்தாங்க. பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசினாங்க. பள்ளிக்கூடம் போகாத புள்ளைங்களுக்குச் சுகாதார நிலையத்துல போட்டாங்க. சிக்கிம் பொம்பளைங்க எங்க ஊர்ப் பொம்பளைங்களைவிடப் புத்தகம் அதிகம் படிச்சவங்கன்னு யாரும் சொல்ல முடியாது.

பஞ்சாப்ல 2016-லயே பட்டிண்டா, மான்சா ரெண்டு மாவட்டத்துல ஆறாம் வகுப்புப் பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடத்துல போட்டாங்க. அது பருத்திக் காடு. பூச்சி மருந்தைத் தண்ணி மாதிரி அடிச்ச பூமி. பட்டிண்டாவுல இருந்து பிகானேர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏத்திக்கிட்டுப் போற ரயிலுக்குப் 'புற்றுநோய் ரயில்'னே பேரு வந்துடுச்சு. சம்சாரிங்க படிக்க வேண்டிய கதை, அதைத் தனியா எழுதணும். அந்த மாதிரி ஊர்லயே முதல் ஊசி எடுத்தாங்க, அதுலயும் அநேகமா எல்லாப் புள்ளைகளும் போட்டுக்கிச்சு.

"சிக்கிம் சின்ன ஊருண்ணே, தமிழ்நாடு எவ்வளவு பெருசு"ன்னு என் தம்பி கேட்டான். சரி. 2011 கணக்குப்படி சிக்கிம் மொத்தமும் ஆறு லட்சத்துச் சொச்சம். எங்க திண்டுக்கல் மாவட்டம் மட்டும் இருபத்தொண்ணரை லட்சம். சிக்கிம் மூணைச் சேர்த்தாலும் எங்க மாவட்டத்துக்குக் கொஞ்சம் குறையும். தமிழ்நாடு பெருசுன்னா ஆளும் பெருசுதானே? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் நர்ஸம்மாக்கள் இருக்காங்க. பத்து வயசுலயும் பதினாறு வயசுலயும் டி.டி. ஊசி போட ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்கு வந்துக்கிட்டுதான் இருக்காங்க. அதே பெட்டியில இன்னொரு மருந்துக்கு இடம் இருக்கும்.

இடத்துக்கு இடம் இந்த நோய் எப்படி மாறுதுன்னு பார்த்தா தலை சுத்தும். அருணாச்சலத்துல பாபும்பரே மாவட்டத்துலயும் மிசோரம் ஐஸ்வால்லயும் வருஷத்துக்கு லட்சம் பொம்பளைங்கள்ல 27 பேருக்கு வருது. அதே வடகிழக்குல அசாம் திப்ரூகர்ல அஞ்சு பேரு. சென்னையில 1980-கள்ல பொம்பளைங்களுக்கு வர்ற புத்துல இதுதான் முதல்ல இருந்துச்சு. இப்ப பாதிக்கும் மேல குறைஞ்சிருக்கு, ஊசி இல்லாமலே. பதினஞ்சு பதினாறு வயசுல கல்யாணம், ஆறேழு புள்ளைங்கிறது நின்னுபோனதும், தண்ணி கக்கூஸ் வசதி வந்ததும் காரணம்னு சொல்றாங்க. பரிசோதனை எத்தனை பேரு பண்ணிக்கிட்டாங்கன்னு தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல கேட்டப்ப, 30-ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல தமிழ்நாட்டுல நூத்துக்கு பத்துப் பேரு கூட இல்லை. சிரிக்காதீங்க, அதுதான் இந்தியாவுலயே முதல் இடம். மேற்கு வங்கத்துலயும் அசாம்லயும் ஆயிரத்துக்கு ரெண்டு பேரு அளவுதான்.

தமிழ்நாடு இதுல முதல் இடத்துக்கு வந்ததுக்கு ஒரு பழைய கதை உண்டு. அதுல எங்க பக்கத்துக்கும் பங்கு இருக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைத் தக்காளிக்கும் முருங்கைக்கும் எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பக்கத்துல அம்பிளிக்கைன்னு ஒரு ஊரு. அங்கே கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மருத்துவமனைன்னு ஒண்ணு. 2000-த்துல இருந்து 2003 வரைக்கும் உலக அளவுல ஒரு பெரிய ஆராய்ச்சி அங்கே இருந்து நடந்துச்சு. திண்டுக்கல் மாவட்டத்துல 114 பகுதிகளைப் பிரிச்சு, பாதியில 30 வயசு தாண்டின பெண்களுக்குப் பரிசோதனை. பெரிய மிஷின் எதுவும் இல்லை. வினிகர்ல இருக்கிற அதே அமிலத்தைக் கொஞ்சமா தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, விளக்கு வெளிச்சத்துல பார்க்கிறது. வெள்ளையா திட்டு தெரிஞ்சா சந்தேகம். பார்த்தவங்க பயிற்சி எடுத்த நர்ஸுங்க. 31,000 பொம்பளைங்களுக்கு மேல பார்த்தாங்க. என் பெரியம்மா ஒருத்தங்க போயிட்டு வந்து, "என்னடா, புளிச்ச காடி வாசம் அடிக்குது"ன்னு ஒரு வாரம் புலம்பிக்கிட்டு இருந்தாங்க. ஆனா போனாங்க. நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம், அதனால.

அந்த ஒரே ஒரு தடவைப் பரிசோதனையில, பார்த்த பகுதிகள்ல இந்த நோயால சாவு 35 சதவீதம் குறைஞ்சது. டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில 2007-ல லான்செட்னு பெரிய மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. அதே வருஷத்தை ஒட்டி தமிழ்நாடு அரசாங்கம் தேனியிலயும் தஞ்சாவூர்லயும் பரிசோதனையைச் சோதனை முறையில ஆரம்பிச்சு, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டு போச்சு.

இதுக்கு மேல இருக்கு கதை. இந்த ஊசியை மூணு தவணை போடணுமா, ரெண்டு போதுமான்னு பார்க்க இந்தியாவுல ஒன்பது இடத்துல இன்னொரு ஆராய்ச்சி. அம்பிளிக்கை அதுல ஒரு இடம். கல்யாணம் ஆகாத 10-ல இருந்து 18 வயசுப் பொண்ணுங்க, ஒன்பது இடமும் சேர்த்து 17,000 பேருக்கு மேல. பாதியில இருக்கிறப்ப 2010 ஏப்ரல்ல ஒரு தடங்கல். ஆந்திராவுல கம்மம் மாவட்டத்துலயும் குஜராத்துல வடோதராவுலயும் வேற ஒரு அமைப்பு இதே ஊசியைப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அங்கே ஏழு பொண்ணுங்க இறந்துபோனதா செய்தி. விசாரிச்சப்ப பாம்புக்கடி, தண்ணியில மூழ்கினது, மலேரியா, பூச்சி மருந்து குடிச்சதுன்னு வந்துச்சு. ஊசிக்குத் தொடர்பு இருக்கிறதா தெரியலைன்னாங்க. ஆனா விசாரணையில வேற ஒண்ணும் வெளியே வந்துச்சு. ஆதிவாசிப் பொண்ணுங்க தங்கிப் படிச்ச விடுதிகள்ல பெத்தவங்களைக் கேக்காம வார்டன் கையெழுத்துல ஊசி போட்டிருக்காங்க. நாடாளுமன்றக் குழு 2013-ல இதைக் கடுமையா எழுதிச்சு. எழுதினது நியாயம். என் வீட்டுப் புள்ளைக்கு என்னைக் கேக்காம எவனும் ஊசி போடக் கூடாது. அது வைட்டமின் ஊசியா இருந்தாலும் சரி.

ஆனா அந்தக் கோவத்துல அரசாங்கம் எல்லா இடத்துலயும் ஊசியை நிறுத்தச் சொல்லிடுச்சு. எங்க பக்கத்து ஆராய்ச்சியும் நின்னுச்சு. சில பொண்ணுங்களுக்கு மூணு, சில பேருக்கு ரெண்டு, ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரே ஒரு தவணையோட போச்சு. டாக்டருங்க அவங்களை விட்டுடலை. பத்து வருஷம் தொடர்ந்து போய்ப் பார்த்தாங்க. ஒரு தவணை மட்டும் போட்டவங்களுக்கும் அந்த 16, 18 நம்பர் கிருமி தங்காம 95 சதவீதம் காத்திருக்குன்னு 2021-ல முடிவு வந்துச்சு. ஆப்பிரிக்காவுல நடந்த ஆராய்ச்சியும் அதையே சொல்லிச்சு. 2022-ல உலக சுகாதார நிறுவனமே, ஒரு தவணை போட்டாலும் போதும்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் பல ஏழை நாடுகள் பாதிச் செலவுல புள்ளைகளுக்குப் போட ஆரம்பிச்சிருக்கு.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு ஊசி போதும்னு உலகத்துக்குச் சொன்ன பொண்ணுங்கள்ல எங்க பக்கத்துப் பொண்ணுங்களும் உண்டு. அவங்கள்ல மூத்தவங்களுக்கு இன்னிக்கு முப்பது வயசு தாண்டியிருக்கும், இடுப்புல புள்ளை இருக்கும். அவங்க கையில குத்தின ஊசியால எங்கேயோ இருக்கிற நாட்டுப் புள்ளைங்களுக்கு இலவசமா கிடைக்குது. அதே ஊர்ல, அதே பள்ளிக்கூடத்துல படிக்கிற புள்ளைங்க 2025-லயும் 2,000 ரூபா இருந்தாத்தான் போட்டுக்க முடிஞ்சது.

2025 மார்ச் பட்ஜெட்ல தமிழ்நாடு அரசாங்கம் 14 வயசுப் பொண்ணுங்களுக்கு இந்த ஊசியை இலவசமா போட 36 கோடி ஒதுக்கியிருக்கு. படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. கூடவே 'படிப்படியாக'ன்னு ஒரு வார்த்தை. கிராமத்துக்காரனுக்கு இந்த வார்த்தை மேல ஒரு பயம் உண்டு. எந்தப் படி முதல் படி? டவுன்ல இருந்து ஆரம்பிச்சு எங்ககிட்ட வர்றதுக்குள்ள என் தம்பி மகளுக்கு பதினாறு ஆயிடும். பட்டணத்துல காசு கொடுத்துப் போட்டுக்க முடிஞ்சவங்க போட்டுக்கிட்டு இருக்காங்க. அதனால ஆரம்பிக்கிறது தூரத்து ஊரு அரசுப் பள்ளியில ஆரம்பிக்கட்டும்ங்கிறது என் கட்சி. மலை மேல இருக்கிற பள்ளிக்கூடம், பஸ் ரெண்டு வேளை மட்டும் வர்ற ஊரு, அங்கே முதல்ல. திண்டுக்கல் பக்கத்து நூல் மில்லுங்களுக்கு, படிப்பை நிறுத்திட்டுப் போற பொண்ணுங்க இன்னும் இருக்காங்க. பள்ளிக்கூடத்துல மட்டும் போட்டா அவங்க விட்டுப்போவாங்க. எந்த வீட்டுல பதினாலு வயசுப் பொண்ணு சும்மா இருக்குன்னு நர்ஸம்மாவுக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் தெரியும்.

பெத்தவங்களைக் கேக்கிற வேலையை ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிறதோட முடிச்சுடக் கூடாது. 2017-ல தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டப்ப என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப்ல ஒருத்தன் ஏதோ பேசி அனுப்பினான், பாதிப் பேரு புள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலை. படிச்சவங்க வீட்டுலயும் அனுப்பலை, அதையும் சொல்லணும். இந்த ஊசிக்கு அதைவிட மோசமா வரும். புள்ளை பிறக்காதும்பான், ஜனத்தொகையைக் குறைக்க வெள்ளைக்காரன் செஞ்ச சதிம்பான். தம்பி சம்சாரத்துக்கிட்ட நான் பேச்சை எடுத்தப்ப அவ கேட்டது வேற. "கல்யாணம் ஆகாத புள்ளைக்கு இந்த ஊசி எதுக்கு மாமா? ஊர்ல என்ன நினைப்பாங்க?" நியாயமான கேள்வி. கிடேரிக்கு ஏன் பருவத்துக்கு முன்னாடி போடறோம்னு திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்தக் களையெடுக்கிற அக்காவுக்கு இருந்துச்சே, அதுக்கா?"ன்னா. அதுக்குத்தான்னேன். "அப்ப டவுனுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"ன்னு அவளே கேட்டா. வெங்காயம் வித்த காசுல கூட்டிட்டுப் போயிடலாம். ஆனா அவளோட வகுப்புல மட்டும் இருபத்தி ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க.

இந்தப் பேச்சை ஆம்பளைங்க கூட்டத்துல எடுத்தா சிரிக்கிறான், இல்லேன்னா எழுந்து போயிடறான். டீக்கடையில நானே பார்த்தேன். கோமாரி ஊசி எப்ப வரும்னு விவரமா விசாரிக்கிறவன், பொண்ணு ஊசின்னா "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்"ங்கிறான். கிருமியைக் கொண்டுவர்றதுல ஆம்பளைக்குப் பாதிப் பங்கு இருக்குன்னு சொன்னா சண்டைக்கு வருவான், சொல்லலை. ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல பையன்களுக்கும் போடறாங்க. நமக்கு அது இப்ப தூரம்.

அக்டோபர் 2 கிராம சபையில ஒரு தீர்மானம் போடலாம்னு நாங்க நாலஞ்சு பேரு பேசி வச்சிருக்கோம். பஞ்சாயத்துத் தலைவரோட பதவிக் காலம் 2025 ஜனவரியிலயே முடிஞ்சு தனி அலுவலர் பொறுப்புக்குப் போயிடுச்சு. அதனால என்ன, கிராம சபைக்கு அதிகாரம் குறையலையே. பதினாலு வயசுப் பொண்ணுங்களுக்கான ஊசியை எங்க பள்ளிக்கூடத்துல இந்தப் படிப்பு வருஷம் முடியறதுக்குள்ள போடணும். போடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி டாக்டரம்மா வந்து அம்மாக்கள் கூட தனியாவும், அப்பாக்கள் கூட தனியாவும் பேசணும். இது ரெண்டும் எழுத்துல.

உங்களுக்கும் சொந்த ஊர்னு ஒண்ணு இருக்கும். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கிற அத்தையோ சித்தியோ ஒருத்தங்க இருப்பாங்க. ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போறப்ப ஒரு வார்த்தை போட்டு வைங்க. கூடவே, முப்பது தாண்டின பொம்பளைங்க யாராவது ரத்தம் படுதுன்னு, வெள்ளை படுதுன்னு சொன்னா மாத்திரை வாங்கித் தராம ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்த வினிகர் பரிசோதனை அங்கே இலவசம். காலையில போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துடலாம்.